இந்த ஊட்ல ஒரு சாவும் இல்ல

குந்துப்பா அந்தோணி, குந்து. அந்த சேர்ல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இந்த முக்காலில குந்து. பேசாத. ஒண்ணும் பேசாத. நீ பேசனதெல்லாம் போன மாசமே போன்ல கேட்டாச்சி... "ஒய்ஃபு வேணாம்றாங்க அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள், வேற பாத்துக்கறோம் அங்கிள்"... மூணு பேச்சுக்கு மூணு அங்கிளு. இப்ப என் வாயி பேசும், உன் காது கேக்கும், அவ்ளோதான் கணக்கு. ஏமே கெங்கம்மா, நீயும் கம்முனு கீ... சரி, நீ எப்பவும் கம்முனு தான் கீற.

இவ என் ஊட்டுக்காரிப்பா. பேரு கெங்கம்மா. பேச மாட்டா. கல்யாணத்தன்னிக்கு ஐயரு பேரு இன்னாம்மான்னு கேட்டாரு, சொன்னா. அதோட சரி. பாரு, மொச்ச உரிக்கிறா பாரு, அந்த மொச்சக் கூட இவளவிட ஜாஸ்தி சத்தம் போடுது.

அதோ வாசப்படியாண்ட பாத்தியா? ஒரு கட்டப் பை, ஒரு பக்கெட்டு, பக்கெட்டுக்குள்ள குக்கரு. அது இன்னான்னு நெனைக்கிற, பழைய சாமானா? அது இவ லக்கேஜு. எங்க பொண்ணு பூமிகா கும்முடிப்பூண்டில கீறா, மாப்ள அங்க கம்பெனில, அவளுக்கு இப்ப ஏழு மாசம். இந்த ஊட்ட வித்துட்டு அங்க பக்கத்துலயே ஒரு ரெண்டு ரூம் பாத்துக்கினு போயிடலாம்னு பேச்சு. விக்கலியே. ஒண்ணர வருசமா விக்கலியே. நேத்திக்கு இவ வாயத் தொறந்து சொல்றா, "அந்தோணி தம்பியும் இல்லன்னுட்டா நான் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்றேன். நீ ஊட்டக் கட்டிக்கினு இங்கியே கெட." முப்பத்தியாறு வருசத்துல அவ்ளோ நீளமா இவ பேசி நான் கேட்டதேயில்ல. ஆடிப் போயிட்டேன். இப்ப மணி இன்னா... நாலு அடிச்சி அஞ்சு நிமிசம். ரைட்டு. டைம் கீது.

உனக்கு இன்னா சொன்னாங்க, முக்கு டீக்கடைல தானே? டீக்கடைக்காரன் டீய ஆத்துவான்னு பாத்தா, அவன் ஊட்ட ஆத்தறான்யா. ஊடு பாக்க ஆளு வந்தா போதும், "சார் எந்த ஊடு? ஓ, அந்த சிங்கம் போட்ட ஊடா?" அப்டின்னு ஒரு இழுவ இழுப்பான். அந்த இழுவைலயே பாதி ஆளு ஓடிப் போயிட்றான். மீதி ஆளுக்கு பிஸ்கட்டோட கத சொல்வான். கெணத்துல உய்ந்த பொண்ணாம், வெள்ளச் சேலையாம், அமாவாசைக்கு அமாவாசை கெணத்து மேடையில குந்திக்கினு மூணு தபா இருமுதாம்... க்கும். க்கும். க்கும். இது தூசுப்பா. சுண்ணாம்பு உதுருது பாரு மேல. இருமல்லாம் எனக்குக் கெடையாது. பீடிய உட்டு ஆறு வருசம் ஆச்சி.

உன்கிட்ட எனக்குப் புடிச்சது ஒண்ணு இன்னான்னா, மத்தவன மாரி அப்டியே ஓடல. ஒரு கேள்வி கேட்ட. "இந்த ஊட்ல யாரு யாரு இருந்தாங்க, யாராவது கெட்ட சாவு செத்தாங்களா, அது மட்டும் தெரிஞ்சா ஷைனிகிட்ட பேசிப் பாக்கறேன் அங்கிள்." நியாயமான கேள்வி. பொண்டாட்டி ஆஸ்பத்திரில நர்ஸு, தெனம் சாவு பாக்குற பொம்பள, அது கூட பேய்க்கு பயப்படுதுன்னா நான் இன்னா சொல்றது. அதான் மூணு வாரம் அலைஞ்சேன். கண்ணாடி போட்ட கண்ணு, புரையெடுத்த கண்ணு, அத வெச்சிக்கினு பஸ்ஸு மாறி பஸ்ஸு. இந்த ஊடு கட்டுன நாள்லேந்து இங்க குடியிருந்த ஒவ்வொருத்தனையும் புடிச்சி, "நீங்க செத்துட்டீங்களா"ன்னு கேட்டுட்டு வந்துக்கீறேன்.

மொதல்ல வில்லங்கம் போட்டேன். ரிஜிஸ்தர் ஆபீஸாண்ட கம்ப்யூட்டர் கடையில ஒரு பொண்ணு. எந்த வருசத்துலேந்து போடணும் தாத்தான்னுச்சி. ஊட்டு நெத்தியில ரெண்டு சிங்கத்துக்கு நடுவுல எழுதிக்கீதே 1938ன்னு, அதுலேந்து போடுன்னேன். அந்தப் பொண்ணு என்னப் பாத்துச்சே ஒரு பார்வ, என்னியே 1938ல கட்டுன மாரி. கம்ப்யூட்டருக்கு அவ்ளோ வயசாவலியாம். வந்த பேப்பர்ல ரெண்டே வரி. சடையப்பன் வித்து வசந்தகுமார் வாங்கினது. வசந்தகுமார் வித்து துளசிராமன் வாங்கினது. துளசிராமன்றது ஐயா தான்.

அந்த சடையப்பன் யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா அவரு பேர்ல தான் நான் வாழ்ந்துக்கினு கீறேன். எப்டின்றியா? ஈபி கார்டு இன்னும் அவரு பேர்ல தான் கீது. யாருப்பா மாத்துவா? வசந்தகுமார் மாத்தல, நானும் மாத்தல. ரீடிங் எடுக்கற பொண்ணு வாசல்ல நின்னுக்கினு "சடையப்பன், சடையப்பன்"னு கத்தும், "இன்னாம்மா"ன்னு நான் போய் நிப்பேன். தெருவுல பாதி பேரு என்ன சடையப்பண்ணேன்னு தான் கூப்பிட்றான். ஒரு தபா கல்யாணப் பத்திரிக கூட திரு. சடையப்பன் குடும்பத்தாருன்னு வந்துச்சி, போய் சாப்ட்டுட்டு தான் வந்தோம்.

அவரு மணவாள நகர்ல கீறாருன்னு பழைய பேப்பர்கடைக்காரரு சொன்னாரு. போனேன். எம்பத்தாறு வயசு. கயித்துக் கட்டில்ல குந்திக்கினு டிவி பாத்துக்கினு கீறாரு. நான் போய் கைய கூப்பி, "ஐயா, இருவத்திரெண்டு வருசமா நான் தான் நீங்க"ன்னேன். பேரன் டக்குனு போன எடுத்துட்டான், போலீஸுக்குப் போடலாமான்னு. அப்பாலிக்கா ஈபி பில்ல காட்டி எல்லாம் வெளக்கி சொன்னேன். கெயவரு சந்தோஷம் தாங்கல. பல்லு கெடையாது, அதனால எல்லாம் காத்து தான் வரும்... "அந்த நழு ரூம்ல தான்பா எனக்கு அஞ்சு கொயந்தயும் பொறந்துச்சி... அஞ்சும் ஹம்முனு கீது..." ஊடு கட்டுனது அரிசி மண்டிக்காரங்களாம், அவங்க மெட்ராஸ் பக்கம் போய் அங்கயே ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஆஸ்பத்திரி கட்டில்ல ரீஜண்டா போய்ச் சேந்தாங்களாம். சடையப்பன் ஐயாவோட அப்பா ஆவடில மவ ஊட்ல. அம்மா திருப்பதி போயிட்டு வர வழியில, பஸ்ஸுல. இந்த ஊட்ல ஒரு சாவு? கெடையாது. எய்தி வாங்கினேன்பா, இதோ பாரு, கைநாட்டோட.

எய்தி மடிச்சி பாக்கெட்ல போட்டுக்கினு எய்ந்துக்கறேன், கெயவரு கைய புடிச்சிக்கிறாரு. "ஆனா ஒண்ணுபா." உலகத்துல எல்லா பேஜாரும் இந்த "ஆனா ஒண்ணு"ல தான் ஆரம்பிக்குது. "எய்வத்தி மூணுல என் ரெண்டாவது பையனுக்கு காரணமே இல்லாம ஒரு ஜொரம் வந்துச்சி. இப்ப தான் புரியுது அது இன்னான்னு. பேரனோட ஃப்ரெண்டு உன் பின்னாடி தெருவுல குடிகீறான், அமாவாசையானா கெணத்தாண்ட மூணு தபா இருமுதாமே."

நான் கேக்கறேன், எய்வத்தி மூணுல வந்த ஜொரத்துக்கு ரெண்டாயிரத்து ஒண்ணுல பொறந்த பேயி எப்டிப்பா பொறுப்பாவும்? ...அதாவது, பேச்சு அப்ப தான் கெளம்புச்சின்றாங்க. அத சொன்னேன். நீ ஏன் புருவத்த தூக்குற. குந்து.

அடுத்தது ஊத்துக்கோட்ட. இந்தப் பரண் மேல ஒரு தகர போர்டு கெடந்துச்சி, "சந்திரகலா லேடீஸ் டெய்லர், உடனடி ஜாக்கெட்"ன்னு. வசந்தகுமார் காலத்துல முன் போர்ஷன்ல வாடகைக்கு இருந்த பொம்பள. ஊத்துக்கோட்ட பஜார்ல இன்னும் அதே மிஷின மிதிச்சிக்கினு கீது. போனேன், போர்டயும் எடுத்துக்கினு தான் போனேன், கொடுத்தா சந்தோஷப்படும்னு. ரோடெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இந்த ரூட்ல தான்பா நான் இருவது வருசம் ஷேர் ஆட்டோ ஓட்னேன், திருவள்ளூரு டு ஊத்துக்கோட்ட, பூண்டி ஏரிக்கர மேல. சும்மா ஓட்ல. பேசிக்கினே ஓட்டுவேன். எம்எல்ஏ மாரி பேசுவேன், கண்டக்டர் மாரி பேசுவேன், மாமியா மருமவ சண்ட ரெண்டு கொரல்லயும் போடுவேன். ஜனம் வேற ஆட்டோ காலியா நின்னாக் கூட ஏறாது, "துளசி வண்டி வரட்டும்"னு நிக்கும். அப்டி ஒரு வாயி. கெங்கம்மா, ஆமாவா இல்லியா? ...பாத்தியா, தலைய கூட ஆட்ட மாட்டா.

சந்திரகலா போர்ட வாங்கி கண்ணுல ஒத்திக்கிச்சி. அது பார்டர்ல கீறதுல பாதி தெலுங்கு பேசும். "நைனா, ஆ ஊடு தேவுடு ஊடு நைனா, அங்க கீறப்போ தான் எனக்கு டப்பு கொட்டுச்சி, ஒரு நாளைக்கு பன்னண்டு ஜாக்கெட்டு." ஏழு வருசம் இருந்துச்சாம். ஒரு பூன செத்துச்சாம், அதுவும் தெருவுல. எய்திக் குடும்மான்னேன், டெய்லரு நோட்டுல அளவு எழுதற பக்கத்துலயே எய்திக் குடுத்துச்சி. இதோ, "மார்பு 36, இடுப்பு 32, சாவு இல்லை."

முடிஞ்சிதுன்னு பாத்தா... ஆனா ஒண்ணு. "ஆனா நைனா, கெணத்தாண்ட கொலுசு சத்தம் கேக்கும்." எப்பம்மா கேட்டுச்சி, நீ இருந்தப்பவான்னேன். இல்லியாம். இருந்தப்ப கேக்கலியாம். காலி பண்ணி மூணு வருசம் கழிச்சி யாரோ சொல்லக் கேட்டாங்களாம், அப்பத்துலேந்து, அந்தக் காலத்துல கேட்ட மாரியே இருக்குதாம். பேரு கூட கீதாம் அதுக்கு, பங்கஜமாம். கையில ஒரு கொயந்தையாம். நான் கொதிச்சிட்டேன் தம்பி. கொலுசா? கொலுசே கெடையாதும்மா அதுக்கு, வெறுங்காலு. கொயந்தயும் கெடையாது, கல்யாணமே ஆவாத பொண்ணு அதுன்னேன்... நான் கேள்விப்பட்ட வரைக்கும். ஒரு பேச்சுன்னா அத அப்டியே சொல்லணும், ஆளாளுக்கு நக நட்டு மாட்டி உட்டா எப்டி? அந்தம்மா ஒரு மாரியா பாத்துட்டு, கேக்குது, "இருமலாவது கீதா நைனா?" அது எனக்குத் தெரியாதும்மான்னு வந்துட்டேன். இருமல் இருமல்னு இன்னா எல்லாரும்... க்கும். க்கும். க்கும். சொல்லிக்கினே கீறேன், இந்த சுண்ணாம்பு வேற.

சரி. மெய்ன் பார்ட்டிக்கு வரேன். வசந்தகுமார். எனக்கு இந்த ஊட்ட வித்தவரு. நல்ல மனுசன். ரெண்டாயிரத்து ரெண்டுல, நான் இன்னா வெல கேட்டனோ அந்த வெலைக்கே குடுத்துட்டு, கையெழுத்து போட்ட பேனாவக் கூட மூடாம கெளம்பனாரு. அவ்ளோ அவசரம். இப்ப புதுவாயல்ல, ஹைவேஸ் ஓரமா மெஸ்ஸு வெச்சிக்கீறாரு, சிப்காட்ல வேல செய்ற வடக்கத்திப் பசங்களுக்கு. சப்பாத்தி, டால். கூட்டம் அம்முது. நான் போறேன், கல்லாவுல குந்திக்கினு கீறவரு என்னப் பாத்ததும் எய்ந்து ஓடியாராரு. எனக்கு பக்குனு ஆச்சி. வந்து ரெண்டு கையயும் புடிச்சிக்கினாரு.

கண்ணு கலங்குதுப்பா அந்த மனுசனுக்கு. "துளசி, உன்னப் பாக்கணும்னு எத்தினியோ நாளா நெனச்சேன், மொகமில்ல." இன்னா அண்ணேன்னேன். "உன்கிட்ட ஒண்ணு மறச்சிட்டேன். அந்த ஊட்ல காத்து கருப்பு கீதுன்னு தெரிஞ்சி தான் உன் தலையில கட்டுனேன். நீ பாவம், ஆட்டோ ஓட்றவன், புள்ளகுட்டிக்காரன், ஒண்ணும் தெரியாம வாங்கின. அந்தப் பாவம் என்ன தூங்க உடல." அப்டியே எனக்கு ஒரு எல போட்டாரு. எட்டு சப்பாத்தி, பன்னீரு, சேமியா பாயசம். நாஷ்டா டைம்ல பாயசம் யாருப்பா போடுவா? எனக்கு போட்டாரு. காசு வாங்க மாட்டேன்னு சாமி மேல சத்தியம் வேற.

தம்பி, நான் எவ்ளோ துன்றவன்னு கெங்கம்மாவ கேளு. அன்னிக்கு ஒரு சப்பாத்தி எறங்கல. எதிர்ல குந்திக்கினு அந்த மனுசன் விசிறாத கொற தான். "உன் சம்சாரம் எப்டிக்கீறாங்க, பயந்துகிறாங்களா?" இல்லண்ணே, இல்லண்ணேன்னேன். சாவு பத்தி கேட்டேன். எங்க ஊட்ல ஒருத்தரும் அங்க சாவலப்பான்னாரு. அப்ப யாரு செத்தா பேயாச்சின்னேன். அதான் தெரியல, என் மாமியாருக்குத் தான் தெரியும், அவங்க தான் கேட்டுக்கினு வந்து சொன்னாங்கன்னாரு. அந்தம்மா பேரு லட்சுமியம்மா, தொண்ணூறு கிட்ட. உள் ரூம்ல படுத்துக்கினு கீது. கண்ணு சுத்தமா போச்சி, ஆனா காது பாம்புக் காதாம்.

அங்க தான் வந்துச்சி வென. நான் ஏதோ பேசிக்கினு இருந்தேன், அண்ணே பாயசம் பிரமாதம்னு... உள்ளேந்து ஒரு கொரலு. "வசந்தா, அது யாருப்பா? அந்த ஷேர் ஆட்டோக்காரன் கொரல் மாரி கீதே." வசந்தகுமார் சிரிக்கிறாரு, "நம்ப துளசி தான்மா, ஊட்ட வாங்குனவரு, அவரு ஆட்டோ தான் ஓட்டுனாரு." அந்தம்மா உட்ல. "ஒரு தபா ஊத்துக்கோட்டைலேந்து உங்க ஊட்டுக்கு வந்தேனே, அந்த வண்டிக்காரன் தாண்டா கெணத்துப் பொண்ணப் பத்தி வழிநெடுக சொல்லிக்கினு வந்தான். அது எப்டி நடக்கும்னு நடந்து கூட காட்டுனான் பூண்டியாண்ட வண்டிய நிறுத்தி. வெறுங்காலு, தல மட்டும் ஒரு பக்கமா..."

இல்ல, நான் வந்துட்டேன். பஸ்ஸு வந்துடுச்சி தம்பி, அதான். எலைய கூட மூடல. அப்பாலிக்கா பாத்தா அது பஸ்ஸு இல்ல, முக்கா அவர் கழிச்சி தான் வந்துச்சி. அது வரைக்கும் ஒரு டிரெய்லர் லாரி பின்னாடி நின்னுக்கினு இருந்தேன். வெயிலுப்பா. நெழலுக்கோசரம் நின்னேன்.

ஆச்சா? எத்தினி பேரு ஆச்சி? அரிசி மண்டி, சடையப்பன், டெய்லரு, வசந்தகுமாரு, நானு. எம்பத்தாறு வருசம். அஞ்சு பொறப்பு, ஒரு பூன, அதுவும் வெளிய. இந்த மாரி சுத்தமான ஊடு திருவள்ளூர்ல வேற ஒண்ணு காட்டு பாப்போம். புது ஃபிளாட்டுல கூட மூணு சாவு கீது. இப்ப ஷைனிக்கு போன போடு... இன்னா? இன்னா கேக்கற? "அப்ப பேச்ச கெளப்புனது யாரு?"வா?

பேசாத இருன்னு தானே சொன்னேன்.

கெங்கம்மா, தம்பிக்கு ஒரு டீ போட்டுக் குடேன். போ. பாலு இல்லன்னா பக்கத்துல வாங்கிக்கோ. போமே. ...போயிட்டாளா? முக்காலிய கிட்ட இஸ்துகினு வா. இன்னும் கிட்ட. மணி இன்னா, நாலே முக்காலா? சொல்லித் தான் ஆவணும். சொன்னா நீ நம்புவ, ஆனா இவ காதுல உயக்கூடாது. உன் சிலுவ மேல சத்தியமா உன்கூடவே வெச்சிக்க.

அந்தப் பேயி என்னுது தம்பி.

சிரிக்காத. நான் மாட்டுக்கும் தெனம் இந்தத் தெரு வழியா தான் வண்டிய வுடுவேன். இந்த ரெண்டு சிங்கத்தப் பாத்துக்கினே போவேன். எனக்குன்னு ஒரு ஊடு, அதுல சிங்கம்... அவ்ளோதான், வேற ஒரு ஆச கெடையாது எனக்கு. வசந்தகுமார் விக்கிறாருன்னு கேள்விப்பட்டேன், அவரு சொன்ன வெலைக்கு நான் என்னியே வித்தாக் கூட பத்தாது. ஒரு நாளு வண்டில ஒரு கெயவி ஏறிச்சி, அந்த ஊட்டுக்குத் தான் போவணும்னுச்சி. வாயி சும்மா இருக்குதா? ஒரு பொண்ண எடுத்து கெணத்துல போட்டேன். வெள்ளச் சேல கட்டி உட்டேன். நடந்து காட்டுனேன். ஒரே ட்ரிப்பு தம்பி. ரெண்டே மாசத்துல ஊடு பாதி வெலைக்கு வந்துடுச்சி.

வாங்கிக்கினு குடி வந்தா, மூணாவது நாளு தெருப் பொம்பளைங்க இவகிட்ட கொட்டிட்டாங்க. என்கிட்ட வந்து நின்னா. ஒண்ணும் கேக்கல, சும்மா நின்னா. அப்பவே சொல்லியிருக்கணும். ஒருத்தன் ஊட்ட பயமுறுத்திப் புடுங்கிக்கினேன்னு பொண்டாட்டிகிட்ட எப்டிப்பா சொல்லுவ? அதுவும் இவ கிட்ட? பேசறவளா இருந்தா திட்டுவா, தீந்துடும். இவ பேசாம பாப்பாளே. அதுக்கு நான் பேயோடயே இருந்துடலாம்னு, "ஒண்ணும் பண்ணாதுமே, பசி தான் அதுக்கு. அமாவாசைக்கு கெணத்தாண்ட எல போட்டு சோறும் நெத்திலிக் கருவாட்டுக் கொயம்பும் வெச்சா போதும்"னுட்டேன்.

ஏன் கருவாடா? இவளுக்கு கவுச்சியே ஆவாது தம்பி. கல்யாணம் ஆனதுலேந்து அது வரைக்கும் கருவாட்டு வாடையே எங்க ஊட்டுல அடிச்சதில்ல. நான் ஏங்கிப் போய்க் கெடந்தேன். பேயி கேட்டா செய்யமாட்டேன்னு சொல்ல முடியுமா? மூக்க முந்தானையால கட்டிக்கினு சமைப்பா. எல போட்டுட்டு படுத்துப்பா. அப்பாலிக்கா நான் மெதுவா பின்னாடி போவேன்... இருவத்திரெண்டு வருசம். ஒரு அமாவாச தப்பல. இவ போட்ற புளியும், அந்த சின்ன வெங்காயமும்... பேயி குடுத்து வெச்சது.

ஆனா ஒண்ணு. ஆமா, எனக்கும் ஒரு "ஆனா ஒண்ணு" கீது. அந்த வெள்ளச் சேல என்னுது, வெறுங்காலு என்னுது, கருவாடு என்னுது. கொலுசு டெய்லரம்மா போட்டது. அந்த இருமல் மட்டும்... அது நான் வெச்சது இல்ல தம்பி. ஏரிக்கர மேல நான் சொன்ன கதையில இருமலே கெடையாது. சடையப்பன் சொல்றாரு, டெய்லரு கேக்குது, டீக்கடைக்காரன் சொல்றான், பின்னாடி தெருவே காதால கேட்டோம்னு சொல்லுது. அமாவாசையானா கெணத்தாண்ட மூணு தபா. நான் அங்கியே தானே குந்திக்கினு துன்னுக்கினு கீறேன், எனக்கு ஒரு நாளும் கேக்கலியே. அது யாரு? அத நெனச்சா தான் இப்ப எனக்கே உள்ளுக்குள்ள குளுருது. அத்தொட்டு தான் நானும் ஜல்தி வித்துட்டு... க்கும். க்கும். க்கும்.

இன்னாத்துக்கு இப்டி சிரிக்கிற? உருண்டு உயாத. நான் பயமா கீதுன்றேன், இவன் சிரிக்கிறான். என் பின்னாடி இன்னா பாக்கற?

...எப்ப வந்த நீ? டீ போடப் போனவ தானே. எங்கேந்து கேட்ட? எல்லாமா?

கெங்கம்மா, அது இன்னான்னா... இன்னா விரல காட்ற? ஒண்ணா? மொத அமாவாசையேவா? மொத அமாவாசையே தெரியுமா உனக்கு? அப்பறம் ஏன்மே, வாடையே ஆவாதே உனக்கு, மூக்க கட்டிக்கினு இருவத்திரெண்டு வருசம் எனக்கோசரமா... நானா சொல்லட்டும்னு பாத்துக்கினு இருந்தியா? ஏதாவது சொல்லுமே. திட்டு. டீய அப்டியே கையில வெச்சிக்கினு நிக்காத. தம்பி கெளம்பறான், மணி அஞ்சு ஆவுது, ஒரு வார்த்த சொல்லு அவனுக்காவது.

"அந்தோணி தம்பி, நீ தைரியமா ஊட்ட முடி. இங்க கீறது ஒரே ஒரு பேயி. இத்தினி வருசமா அதுக்கு சோறு போட்டு வளத்தது நானு, அஞ்சு மணி பஸ்ஸுல என் கூடயே இஸ்துகினு போயிட்றேன்."